எண்ணிட்ட ஒளிப்படங்கள்: வாசகர் கேட்டவை

கலைஞர் கையெழுத்திட்டு எண்ணிட்டு விற்கும் ஒளிப்படப் பிரதிகளைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்தமையால், அவற்றை ஒன்றுசேர்த்து ஏழு கேள்விகளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அண்மையில் ஒரு கண்காட்சியில் கறுப்பு வெள்ளை ஒளிப்படம் ஒன்றைப் பார்த்து வெகுநேரம் நின்றுவிட்டேன். ஓரத்தில் பென்சிலால் 7/25 என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். விலையோ என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். ஓவியம் ஒன்றே ஒன்றுதான், அதற்கு விலை சொல்வது புரிகிறது. எத்தனை வேண்டுமானாலும் போடக்கூடிய ஒளிப்படத்துக்கு எண்ணிட்டு விலையேற்றுவது முறைதானா ஐயா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 7/25 என்றால், இருபத்தைந்துக்கு மேல் போடுவதில்லை என்று முடிவுசெய்யப்பட்ட பதிப்பில் இது ஏழாவது பிரதி என்று பொருள். இந்த வழக்கம் செப்புத் தகட்டில் கீறி அச்சிடும் கலைஞர்களிடமிருந்து வந்தது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் தகடு சிறிது தேயும். முதல் சில பிரதிகளில் இருக்கும் கூர்மை பின்னால் வருபவற்றில் இராது. ஆகவே அவர்கள் இட்ட எண்ணுக்குத் தகட்டிலேயே ஒரு காரணம் இருந்தது. நெகட்டிவ் அப்படித் தேய்வதில்லை. டிஜிட்டல் கோப்போ தேயவே தேயாது. ஒளிப்படத்தில் எண் என்பது கலைஞர் தாமாக ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாடு, வாங்குகிறவருக்கு அவர் கொடுக்கும் வாக்கு. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஆனால் நீங்கள் கொடுக்கும் பணம் அந்த எண்ணுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், 1941-ஆம் ஆண்டு நவம்பர் 1 மாலையில், நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் மேல் நிலவு எழுவதைப் படம்பிடித்தார். (அந்த நாளை அவர் குறித்துவைக்கவில்லை, பிற்காலத்தில் வானியல் அறிந்தவர்கள் படத்தில் நிலவு நிற்கும் இடத்தைக் கொண்டு கணக்கிட்டுச் சொன்னார்கள்.) அந்த ஒரு நெகட்டிவிலிருந்து அவர் தம் வாழ்நாளில் 1,300-க்கு மேற்பட்ட பிரதிகளை இருட்டறையில் தம் கையாலேயே உருவாக்கினார். அத்தனை பிரதிகள் இருந்தும், 2006-இல் நியூயார்க் ஏலத்தில் ஒரு பிரதி 6 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. காரணம், அவை ஒன்றுக்கொன்று நகலாக இல்லை. தொடக்ககாலப் பிரதிகளில் வானம் சாம்பல் நிறமாக இருக்கும். மெல்லிய மேகக் கீற்றுகள் அதில் தெரியும். 1948-இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை வேதிக் கரைசலில் இட்டு அடர்த்தியாக்கினார். ஆண்டுகள் செல்லச்செல்ல வானத்தை இருட்டிக்கொண்டே போய், கடைசியில் ஏறக்குறைய முழுக் கறுப்பாக்கிவிட்டார். கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் மட்டும் அந்தக் கறுப்பின் கீழ் வெண்மையாக மின்னும். இளமையில் பியானோ பயின்றவர் அவர். நெகட்டிவ் இசைக்குறிப்பு என்றும், பிரதி எடுப்பது அதைக் கச்சேரியில் வாசிப்பது என்றும் சொல்வார். ஒரே கீர்த்தனையை ஒரே பாடகர் இளமையிலும் முதுமையிலும் பாடக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அந்தக் கண்காட்சிக்கு இன்னொரு முறை சென்று, எண்ணை மறந்துவிட்டு, பிரதியைப் பாருங்கள். கறுப்பு வெறும் மை பூசியதுபோல் இருக்கிறதா, அதற்குள்ளும் ஏதாவது தெரிகிறதா. வெள்ளையில் தாளின் இழை தெரிகிறதா, வெறுமையாகப் போய்விட்டதா என்று கவனியுங்கள். அது பிடித்திருந்தால் மட்டும் எண்ணைப் பற்றிப் பேசுவோம்.

கேள்வி: பத்துப் பிரதிகள் மட்டுமே என்று சொல்லி எனக்கு ஒரு படத்தை விற்றார்கள். இப்போது அதே படம், என்னிடம் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு பெரிய அளவில், புதிய பதிப்பாக விற்பனைக்கு வந்திருக்கிறது. இது ஏமாற்று இல்லையா? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும், ஏமாற்று என்று சொல்வதற்கு முன் உங்களிடம் உள்ள தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதே வழக்கு அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. அதன் விவரத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் எண்ணிட்ட பிரதியை வாங்கும் ஒவ்வொருவரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

வில்லியம் எகல்ஸ்டன் என்பவர் மெம்ஃபிஸ் நகரைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர். வண்ண ஒளிப்படம் விளம்பரத்துக்குத்தான் ஏற்றது என்று கலையுலகம் எண்ணியிருந்த காலத்தில், 1976-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த அவருடைய கண்காட்சி அந்த எண்ணத்தை அசைத்தது. ஒரு குழந்தையின் மூன்று சக்கர வண்டியைத் தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்த அவருடைய படத்தில், அந்த வண்டி பின்னால் உள்ள வீட்டை விடப் பெரிதாக எழுந்து நிற்கும். இத்தகைய படங்களை அவர் சாய மாற்று முறையில், ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியே தாளுக்கு மாற்றும் அரிய வேலைப்பாட்டில், குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டிருந்தார். சேகரிப்பாளர் ஜோனதன் சோபெல் அவற்றுள் பலவற்றை வாங்கியிருந்தார். 2012 மார்ச்சில் எகல்ஸ்டன் தரப்பினர் அதே படங்களில் சிலவற்றையும் சேர்த்து 36 படங்களை, ஐந்து அடி அகலம் வரை பெரிதாக்கி, நிறமி மை கொண்டு அச்சிட்டு, கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றனர். மொத்தம் 59 லட்சம் டாலர் வந்தது. மூன்று சக்கர வண்டி மட்டும் 5,78,500 டாலர். தம்மிடம் உள்ள பிரதிகளின் அருமை இதனால் குறைந்துவிட்டது என்று சோபெல் வழக்குத் தொடர்ந்தார். 2013-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பழைய பதிப்பில் ஒரு பிரதியைக் கூடுதலாகப் போட்டிருந்தால் அது தவறு. ஆனால் வேறு முறையில், வேறு அளவில், வேறு எண்வரிசையில் வந்தது வேறு பதிப்பு என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். வாங்குகிறவர் மனத்தில் 'பத்து' என்ற சொல் 'உலகத்திலேயே பத்து' என்று பதிகிறது என்பதும், விற்கிறவருக்கு அது தெரியும் என்பதும் அவ்வளவே உண்மை. என்னைக் கேட்டால், பிற்காலத்தில் வேறு அளவில் வெளியிடும் எண்ணம் உள்ள கலைஞர் அதை முதல் பிரதியை விற்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். பலர் சொல்லவும் செய்கிறார்கள். சிறிய அளவில் பதினைந்து, பெரிய அளவில் ஐந்து என்று விலைப்பட்டியலிலேயே குறிப்பிடுகிறார்கள்.

எனவே இனி வாங்கும்போது, எல்லா அளவுகளையும் எல்லா முறைகளையும் சேர்த்து மொத்தம் எத்தனை பிரதிகள் என்று கேளுங்கள். எண்வரிசைக்கு வெளியே கலைஞர் தமக்கென வைத்துக்கொள்ளும் பிரதிகள் உண்டு. அவற்றில் எண்ணுக்குப் பதிலாக 'ஏ.பி.' (ஆர்டிஸ்ட்ஸ் புரூஃப்) என்று எழுதியிருக்கும். பதிப்பு விற்றுத் தீர்ந்த பிறகு அவையும் சந்தைக்கு வருவதுண்டு ஆதலால், அவை எத்தனை என்றும் கேளுங்கள். பதிப்பின் எல்லாப் பிரதிகளையும் இப்போதே அச்சிட்டு வைத்திருக்கிறார்களா, ஒவ்வொன்று விற்கும்போதும் அச்சிடுகிறார்களா என்பதும் கேட்க வேண்டியதே. முதல் ஐந்து பிரதிகள் ஒரு விலையிலும், அவை விற்ற பின் அடுத்தவை கூடிய விலையிலும் தரப்படுவது வழக்கம்; இன்று எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால், சொல்லப்படும் விலையின் காரணமும் தெரியும். இவற்றுக்கெல்லாம் வாய்வார்த்தையாகப் பதில் சொன்னால் போதாது. கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். தயங்காமல் எழுதித் தருகிறவரிடம் தயங்காமல் வாங்கலாம்.

கேள்வி: இங்க்ஜெட் அச்சு என்று தெரிந்ததும் வாங்காமல் வந்துவிட்டேன். அலுவலகத்தில் இருக்கும் பிரிண்டரில் வருவதுதானே அது? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: இல்லை. அலுவலகப் பிரிண்டர் பலவற்றில் இருப்பது நீரில் கரையும் சாய மை. கண்காட்சிப் பிரதிகளுக்குப் பயன்படுவது நிறமித் துகள்கள் கொண்ட மை. அதைப் பருத்தி இழைத் தாளில் அச்சிட்டால், வீட்டு ஆல்பத்தில் சிவந்து மங்கிப்போன 1970-களின் வண்ணப் படங்களைக் காட்டிலும் மிக நீண்ட காலம் நிற்கும். எகல்ஸ்டன் பயன்படுத்திய சாய மாற்று முறைக்கு வேண்டிய பொருள்களைக் கோடாக் நிறுவனம் 1990-களிலேயே நிறுத்திவிட்டது. எனவே வண்ணத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இன்று நிறமி மையே முதன்மையான வழி. மையின் பெயரையும் தாளின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஆர்க்கைவல்' (நெடுங்காலம் கெடாதது) என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: பாட்டனார் வைத்திருந்த காகிதக் கட்டு ஒன்றில் மதுரை, தஞ்சைக் கோயில்களின் பழைய ஒளிப்படங்கள் சில இருக்கின்றன. மங்கிய காவி நிறம், அட்டையில் ஒட்டியவை. இவை 'விண்டேஜ்' என்ற வகையில் சேருமா? பழமையை எப்படி உறுதிசெய்வது? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். அவற்றை அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள், துடைக்காதீர்கள், பின்புறம் பேனாவால் எதையும் எழுதாதீர்கள்.

'விண்டேஜ்' என்று சேகரிப்பாளர்கள் சொல்வது, படம் எடுத்த காலத்தை ஒட்டியே, பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள், கலைஞரோ அவர் மேற்பார்வையிலோ எடுத்த பிரதியை. அதே நெகட்டிவிலிருந்து நாற்பது ஆண்டுகள் கழித்து அவரே எடுத்தால் அது பிற்காலப் பிரதி. அவர் மறைந்த பின் வாரிசுகள் எடுப்பித்தால் மறைவுக்குப் பிந்தைய பிரதி. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம், விலையோ மலைக்கும் மடுவுக்கும். அதனால்தான் மோசடியும் இந்த இடத்தில் நுழைகிறது. குழந்தைத் தொழிலாளர்களைப் படம்பிடித்த லூயிஸ் ஹைன் 1940-இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் எடுத்தவை என்று விற்கப்பட்ட பிரதிகள் சில, பிற்காலத் தாளில் இருந்தமை 1990-களின் இறுதியில் வெளிப்பட்டு, சேகரிப்பாளர்களிடையே பெரும் கலக்கத்தை உண்டாக்கியது.

அதைக் காட்டிக்கொடுத்த சோதனைகளுள் ஒன்றை நீங்களே செய்யலாம். 1950-களிலிருந்து ஒளிப்படத் தாளை வெண்மையாகக் காட்ட ஒளிரூட்டிப் பொருள்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். சலவைத் தூளில் இருப்பதும் அதே வகைப் பொருள்தான். இருட்டறையில், கள்ள நோட்டைப் பார்க்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் புற ஊதா விளக்கைச் சில நொடிகள் மட்டும் அதன்மேல் காட்டுங்கள். வெள்ளை வேட்டியைப் போல் நீலமாகப் பளிச்சிட்டால், அந்தத் தாள் 1950-களுக்கு முந்தையதாக இருக்க முடியாது. பளிச்சிடாவிட்டால் பழையது என்று உறுதியாகிவிடாது. எல்லாத் தாளிலும் அந்தப் பொருளைச் சேர்க்கவில்லை.

கோயில் படங்கள் என்றதும் என் நினைவு லின்னேயஸ் டிரைப்பிடம் செல்கிறது. சென்னைப் படைப்பிரிவு அதிகாரியான அவர், 1856-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டு, 1857 டிசம்பரில் புறப்பட்டு, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களை மெழுகிட்ட காகித நெகட்டிவுகளில் பதிவுசெய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்து அடித்தளக் கல்வெட்டுகளை 21 நெகட்டிவுகளில் தொடர்ச்சியாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, 19 அடி நீளப் படமாக்கினார். அதற்கு முன் பர்மாவில் எடுத்த படங்களில் 120-ஐத் தேர்ந்து 50 தொகுதிகள் அச்சிட்டிருந்தார். பெங்களூரில் சூரிய ஒளியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்த ஏறக்குறைய 6,000 பிரதிகள் அவை. யாரும் சந்தைக்காக எண்ணிடவில்லை. கைவேலையின் அளவே வரம்பாக அமைந்தது. பின்னர் ஆளுநராக வந்த டிரெவெல்யன் வீண்செலவு என்று கருதி அந்தப் பணியை நிறுத்திவிட்டார்.

உங்களிடம் உள்ளவை டிரைப்புடையவை என்று நான் சொல்லவில்லை. பிற்காலத்தில் சென்னையில் இருந்த ஸ்டூடியோக்கள் கோயில் படங்களை ஏராளமாக விற்றன. மூலையிலோ அட்டையிலோ ஸ்டூடியோவின் பெயர் அல்லது வரிசை எண் இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பெங்களூரில் உள்ள கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு நல்ல நகல்படங்களை அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். அதுவரை விற்பனையாளர் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: வாங்கிய படத்தை எங்கள் நிறுவன நாட்காட்டியில் அச்சிடலாமா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: கூடாது. நீங்கள் வாங்கியது அந்தப் பிரதியை. பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கிறது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்தின்படி ஒளிப்படத்தின் உரிமை, கலைஞரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும் நீடிக்கும். கேட்டு, அனுமதி பெற்று அச்சிடுங்கள்.

கேள்வி: 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். தங்கம் வாங்குவதற்குப் பதிலாக ஒளிப்படம் வாங்கினால் விலை ஏறுமா? (ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி)

பதில்: விலையேற்றத்துக்காக என்றால், அம்மா, தங்கமே வாங்கிக்கொள்ளுங்கள். நகையை அடகுக்கடையில் வைத்தால் அன்றே பணம் வரும். ஒளிப்படத்துக்கு நம் நாட்டில் மறுவிற்பனைச் சந்தை மிகச் சிறியது. விற்க நினைக்கும் நாளில் வாங்குகிறவர் இருக்க வேண்டும். ஆண்டிரியாஸ் குர்ஸ்கி என்ற ஜெர்மானியர் ரைன் நதியை எடுத்த படம் 2011-இல் 43 லட்சம் டாலருக்கு விற்றது, அந்தப் பதிப்பில் ஆறே பிரதிகள், என்பனவெல்லாம் செய்தித்தாளில் வரும். அதே ஆண்டில் உலகெங்கும் எண்ணிட்டு விற்ற ஆயிரக்கணக்கான படங்களுக்கு என்ன ஆயிற்று என்பது செய்தியில் வராது.

தினமும் பார்க்க ஒரு படம் வேண்டும் என்பதற்காக என்றால், 30,000 ரூபாய் நல்ல தொடக்கம். சென்னை ஒளிப்பட பினாலே என்னும் ஒளிப்பட விழா 2016-இல் தொடங்கியதிலிருந்து, இளம் கலைஞர்களின் வேலையை நேரில் பார்க்கவும் அவர்களோடு பேசவும் இங்கேயே வாய்ப்பு வந்திருக்கிறது. பெரிய பெயரின் சிறிய, சுமாரான படத்தைவிட, பெயர் பெறாதவரின் மிகச் சிறந்த படத்தை வாங்குங்கள். வாங்குவதற்கு முன் ஒருவருடைய பத்துப் படங்களையாவது சேர்த்துப் பாருங்கள். ஒரு படம் தற்செயலாகவும் நன்றாக அமைந்துவிடும். முழுத் தொகையையும் படத்துக்கே கொடுத்துவிடாமல், அதற்குக் கண்ணாடிச் சட்டம் போடுவதற்கென்று ஒரு பங்கை எடுத்து வையுங்கள். அதன் காரணத்தை அடுத்த பதிலில் காணலாம்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைக்கு அருகில் இருக்கிறது. மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். இங்கே ஒளிப்படம் மாட்டலாமா? (ஒரு வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: மாட்டலாம், ஆனால் நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், நான் முதன்முதலில் வாங்கிய ஜெலட்டின் வெள்ளிப் பிரதியை (ஜெலட்டின் பூச்சுள்ள தாளில் இருட்டறையில் எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படம்) அருகில் இருந்த கடையில் கொடுத்துச் சட்டம் போட்டேன். அவர் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, பின்னால் ஹார்ட்போர்டு வைத்து ஆணியடித்துத் தந்தார். மேற்குப் பார்த்த வெளிச்சுவரில் மாட்டினேன். இரண்டாவது ஐப்பசி முடிந்தபோது படத்தின் நடுவில் எண்ணெய் பட்டதுபோல் இரண்டு திட்டுகள் தெரிந்தன. பிரித்துப் பார்க்கலாம் என்று தாளை மெல்ல இழுத்தபோது, பிசின் காகிதம் கிழிவதுபோல் ஒரு ஓசை கேட்டது. ஒரு கிழவரின் தோளும் வலது காதும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கண்ணாடியை இன்னும் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் ஏதேனும் படம் அப்படி ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே நடுவே சாளரம்போல் வெட்டிய அமிலமில்லாத அட்டை ஒன்று இருந்தே ஆக வேண்டும். படத்தை அட்டையில் செல்லோடேப்பாலோ ஃபெவிகாலாலோ ஒட்டக் கூடாது. மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டுகளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டி, மேல் விளிம்பில் மட்டும் தொங்கவிட வேண்டும், பின்னாளில் நீரில் நனைத்து எடுக்க முடியும். மழை அடிக்கும் வெளிச்சுவரை விட்டுவிட்டு உட்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். நேர் வெயில் ஆகாது. வெளிச்சத்தால் நேரும் மங்கல் ஒருபோதும் திரும்பாது. ஓராண்டு மாட்டி ஓராண்டு பெட்டியில் வைப்பது நல்ல பழக்கம்.

காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள். நாகப்பட்டினத்தில் அது நடவாத காரியம். ஏறி இறங்காமல் ஒரே சீராக இருந்தால் பாதித் தொல்லை தீரும். இரவில் மட்டும் ஏ.சி. போட்டுப் பகலில் அணைக்கும் அறை இதற்கு உகந்ததன்று. மாட்டாத படங்களை அமிலமில்லாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பீரோவின் நடுத்தட்டில் படுக்கையாக வையுங்கள். பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். இராமபாணப் பூச்சிக்குத் தாளின் பசையும் ஜெலட்டினும் விருப்பமான உணவு, ஆனால் அதற்குப் பயந்து அந்துருண்டைகளைப் படத்தோடு போட வேண்டாம். ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறையும், தை பிறந்ததும் ஒருமுறையும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். வாங்கிய ரசீது, பதிப்பு விவரம் எழுதிய தாள், கலைஞரின் சான்று ஆகியவற்றைச் சட்டத்தின் பின்னால் ஒட்டாமல், வீட்டுப் பத்திரங்களோடு ஓர் உறையில் வைத்து, உறையின் மேல் எந்தப் படம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.